இருமல் நின்ற வாரம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் மின்விசிறி ஓடாது. மின்வெட்டு இல்லை, ரிப்பேரும் இல்லை. என் மனைவி கல்பகம் பாட்காஸ்ட் பண்ணுகிறாள். ஹைதராபாத் மே மாதத்தில், பாலாநகர் தொழிற்சாலைக் குடியிருப்பில், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற வீட்டில், விசிறியை நிறுத்திவிட்டு ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்றால் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது என்று அர்த்தம்.

2009-ல் என் ஆபீஸில் பாட்காஸ்ட் என்றால் யாருக்கும் தெரியாது. "ரேடியோவா வெங்கடராமன்?" என்று கேட்பார்கள். "ரேடியோ மாதிரிதான். ஸ்டேஷன் கிடையாது, சம்பளம் கிடையாது, கேட்கிற ஆளும் கிடையாது" என்பேன். வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மைக்கில் பேச வேண்டியது, அதை இன்டர்நெட்டில் ஏற்ற வேண்டியது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொண்டு கேட்கலாம். யாருக்கு வேண்டும் என்பதுதான் கேள்வி.

நிகழ்ச்சிக்குப் பெயர் 'கல்பகம் பேசுகிறேன்'. கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவள் பட்டதெல்லாம் அதில் வரும். கோங்கூரா என்கிற புளிச்சக்கீரையை எப்படி அடக்குவது, ஆட்டோக்காரரிடம் ஹிந்தியில் எப்படிக் கோபப்படுவது, பக்கத்து வீட்டிலிருந்து ஆவக்காய் ஜாடி வந்தால் அதைக் காலியாகத் திருப்பித் தராமல் என்ன போட்டுத் தருவது. நன்றாகத்தான் பேசுவாள். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு ஒரு இருமல் உண்டு. வியாதி இல்லை, டாக்டர் பார்த்துச் சொல்லியாகிவிட்டது. தொண்டையை நீளமாகச் செருமி, கொஞ்சம் நிறுத்தி, பிறகு டொக் டொக் என்று இரண்டு இருமல். என் தொழிற்சாலையில் விமானங்களுக்கான மின்னணுக் கருவிகள் செய்கிறார்கள். அவற்றில் வேண்டாத இரைச்சல் இருக்கிறதா என்று சோதிப்பது என் வேலை. காரிடாரில் இந்த இருமல் கேட்டால் போதும், டெஸ்ட் பெஞ்சில் அரட்டை அடிப்பவர்கள் அவரவர் ஸ்டூலுக்குப் போய்விடுவார்கள். அப்படி ஊரார் இரைச்சலையெல்லாம் கண்டுபிடித்த என்னையே, வீட்டில் ஒருத்தி இரைச்சல் என்று சொல்லும் காலம் வந்தது.

அதற்குக் காரணம் ஹைதராபாத் தமிழ் ஒலிபரப்பாளர் வட்டம். பெயரைக் கேட்டால் மாநாடு நடத்தித் தீர்மானம் போடுகிறவர்கள் போலிருக்கும். மொத்தமே நாலு பேர். இன்டர்நெட்டில் ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்துக்கொண்டவர்கள். தார்நாகாவில் வைத்தியநாதன் என்று ஒரு விஞ்ஞானி. அவர் வாராவாரம் கொசுக்களைப் பற்றிப் பேசுகிறார். செகந்திராபாத்தில் தேவராஜ் என்று ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். வெள்ளைக்காரன் காலத்திலேயே அங்கே குடியேறிய குடும்பம். அவர் பிறப்பதற்கு முன்னால் கன்டோன்மென்ட் மைதானத்தில் நடந்த ஹாக்கி மேட்சுகளுக்கு இப்போது நேர்முக வர்ணனை செய்கிறார். அமீர்பேட் லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கும் பிந்து என்கிற சேலத்துப் பெண், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, ஊரில் உள்ள ஹாஸ்டல் சட்னிகளை வகைவகையாகத் திட்டுகிறாள். நாலாவது ஆள் என் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர்கள் வைத்தியநாதன் வீட்டில் கூடுவார்கள். நான் ஒரு தடவையும் போனதில்லை. இரண்டு பஸ் மாறித் தார்நாகாவுக்குப் போய், நாலு பேர் மைக்கைப் பற்றிப் பேசுவதைக் கேட்க எனக்கென்ன தலையெழுத்தா? ஆனால் அங்கே போய்விட்டு வந்தால் கல்பகம் வேறு ஆளாக இருப்பாள். 'ப' என்று சொன்னால் மைக்கில் காற்று மோதிப் பொத்தென்று கேட்கிறதாம். எதிரொலி வராமலிருக்க பிந்து பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிறாளாம். அந்த 'ப'வுக்கு ஒரு உபாயம் சொன்னார்கள் என்று எம்பிராய்டரி வளையத்தில் என் நைலான் சாக்ஸை இழுத்துக் கட்டி மைக்குக்கு முன்னால் நிறுத்தினாள். நல்ல சாக்ஸ். இதையெல்லாம் அவள் வேறு யாரிடம் சொன்னாலும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அங்கே மட்டும் மூன்று பேர் "எந்தக் கடை சாக்ஸ்?" என்று கேட்டார்களாம்.

வட்டத்தில் ஒரு விதி இருந்தது. வாரத்துக்கு ஒருவர் முறை போட்டு, மற்ற மூன்று பேருடைய எபிசோடிலும் ஆளுக்கு ஒரு குறை சொல்லியாக வேண்டும். 'எல்லாம் நன்றாக இருந்தது' என்று நழுவக் கூடாது. முறை இல்லாதவர்கள் அன்றைக்கு வாயைத் திறக்கக் கூடாது. பாராட்டு ஆராய்ச்சியைக் கெடுத்துவிடும் என்பது வைத்தியநாதனின் கொள்கை. கொசுவைப் பாராட்டி யாருக்கு என்ன ஆகப்போகிறது, அவருக்கு அது சரிதான். என் மனைவி கொசு இல்லை.

ஏப்ரல் கடைசியில் பிந்துவின் முறை வந்தது. "ஆன்ட்டி, பின்னாடி அங்கிள் இருமறது ரொம்பக் கேக்குது" என்று சொல்லிவிட்டாள்.

கல்பகம் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், என்னை ஏதோ ஒழுகுகிற குழாயைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்று மத்தியானம் கம்ப்யூட்டரில், அவள் நிகழ்ச்சியை எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள் என்று காட்டும் கணக்கைத் திறந்தாள். ஒரு கை விரலுக்குள் அடங்கிவிட்டது. அதில் ஒன்று அவளே.

"மீதி மூணும் வட்டத்துக்காரா" என்றாள். "அவாளும் மரியாதைக்குத்தான் இறக்கறா. கேக்கறதில்லை."

"இருமலைக் கேட்டிருக்காளே" என்றேன்.

"அது முதல் நிமிஷத்துலயே வரதே. நான் வத்தக்குழம்பு சொன்னேன் பாருங்கோ, போன மாசம், அதுல புளி கரைச்சு விடணும்கிறதையே சொல்ல மறந்துட்டேன். ஏத்தினப்புறம்தான் எனக்கே தெரிஞ்சது. புளி இல்லாம வத்தக்குழம்பா? காதுல வாங்கின ஒருத்தராவது கேட்டிருக்க மாட்டாளா?"

வாரங்கலில் படிக்கும் எங்கள் பெண் ஹம்ஸினிக்கு போன் போட்டு, "நீயாவது கேக்கறியாடி?" என்றாள். "டைம் லேதும்மா" என்று, நேரமில்லை என்பதைக்கூட அது தெலுங்கில் சொல்லிவிட்டது.

போனை வைத்துவிட்டுக் கல்பகம் தீர்மானமாகச் சொன்னாள். "இன்னும் ஒண்ணே ஒண்ணு போடறேன். இருமல் இல்லாம, சத்தம் இல்லாம, சுத்தமா. அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரே ஒருத்தர் தானா ஒரு வார்த்தை சொல்லட்டும், நன்னாயிருக்குன்னோ கண்றாவின்னோ, நான் தொடர்ந்து பண்றேன். இல்லைன்னா மைக்கைத் தூக்கிப் பரண்ல போட்டுடறேன். காத்துக்குக் கதை சொல்றதுக்கு எனக்கென்ன வேண்டுதலா?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் விசிறி ஞாபகம்தான் வந்தது. பிறகு அவள் போய் அந்த எம்பிராய்டரி வளையத்தை எடுத்து, சாக்ஸில் படிந்த தூசியைப் புடவைத் தலைப்பால் மெதுவாகத் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்ததைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. சத்தம்தான் குறை என்றால் அதைத் தீர்க்க என்னைவிட யார் இருக்கிறார்கள் இந்த வீட்டில்?

ஸ்டோர் ரூமை ஒலி புகாத அறையாக்குவது என்று முடிவு செய்தேன். சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டினால் போதும் என்று ஆபீஸில் ஒருவன் சொன்னான். கேன்டீனிலிருந்து ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். கல்பகம் வாசலிலேயே மறித்தாள். "அது உள்ளே வந்தா நான் வெளியே போயிடுவேன்." அட்டைகள் திரும்பிப் போயின. வீட்டில் இருந்த பழைய பஞ்சு மெத்தை, ரஜாய்ப் போர்வை, ஹம்ஸினியின் ஸ்லீப்பிங் பேக் எல்லாவற்றையும் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். கதவிடுக்கில் துணி அடைத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே வீட்டைவிட்டு வெளியேறி, குடியிருப்புப் பூங்காவில் போய் உட்கார்ந்து, ஆசைதீர இருமினேன்.

திரும்பி வந்தபோது கல்பகம் ஸ்டோர் ரூமிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தாள். உள்ளே அடுப்பு மாதிரி வெக்கை. பஞ்சுத் தூசியில் மூக்கு அடைத்து, கண் சிவந்து, குரல் கம்மியிருந்தது. ஆனால் பதிவு அபாரமாக வந்திருந்தது. அவள் குரலைத் தவிர ஒரு பொட்டுச் சத்தம் கிடையாது. எங்கள் டெஸ்ட் ரூமில்கூட இவ்வளவு சுத்தம் நான் பார்த்ததில்லை. எபிசோட் இப்படி ஆரம்பித்தது:

"வணக்கம், கல்பகம் பேசுகிறேன். இந்த வாரம் எங்க வீடு ரொம்ப அமைதியா இருக்கு. இத்தனை நாளா எனக்குப் பின்னாடியே ஒரு சத்தம் கேட்டுண்டு இருந்தது, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இனிமே அது கேக்காது. எனக்கே புதுசா இருக்கு. பழகிக்கணும்." இடையில் ஒரு மூக்கு உறிஞ்சல். பிறகு எலுமிச்சங்காய் ஊறுகாய்.

எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை முழுக்க ஒரு மெயில் வரவில்லை. போன் அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்பகம் தார்நாகாவுக்குக் கிளம்பவில்லை. "ஏன் வரலைன்னு யாராவது கேக்கறாளா பாப்போம்" என்று போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொத்தவரங்காய் நறுக்கினாள். கூட்டம் ஆரம்பிக்கும் நேரம் தாண்டியது. போன் வாயைத் திறக்கவில்லை. கொத்தவரங்காய் தீர்ந்ததும் எழுந்து போய், மைக்கையும் ஒயரையும் சுருட்டி ஒரு பழைய தலையணை உறைக்குள் போட்டு என் கையில் கொடுத்தாள். "பரண்ல வச்சுடுங்கோ." குரலில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் ஸ்டூலில் ஏறிப் பரணுக்குக் கையை நீட்டும்போது வாசல் மணி அடித்தது. அவள் உள்ளே முகம் கழுவிக்கொண்டிருந்தாள். பனியனும் வேட்டியுமாக, ஒரு கையில் தலையணை உறையோடு நான் போய்க் கதவைத் திறந்தேன்.

மூன்று பேர் நின்றார்கள். தலை நரைத்த, கண்ணாடி போட்ட ஒருவர். கட்டம்போட்ட சட்டையில் பருமனாக ஒருவர், கையில் பெரிய பிளாஸ்டிக் பை. பின்னால் ஒரு பெண், கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு. கண்ணாடிக்காரர் என் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"வைத்தியநாதன், தார்நாகா" என்றார். "இவர் தேவராஜ். இது பிந்து. நீங்க அவருக்கு அண்ணாவா?"

"எவருக்கு?"

"கல்பகத்தோட ஆத்துக்காரருக்கு."

என்னையே எனக்கு அண்ணனாக்கிவிட்டார். என்ன பதில் சொல்வதென்று நான் யோசிப்பதற்குள், 'ஏன்' என்பதற்குக்கூட உருதுவில் 'கைக்கு' என்கிற செகந்திராபாத்துக்காரரான தேவராஜ் ஆரம்பித்துவிட்டார். "கைக்கு சார் இப்படி ஆச்சு? திடீர்னா? போன வாரம்கூட நல்லா இருமிட்டு இருந்தாரே மனுஷன்." பிளாஸ்டிக் பையின் வாயிலிருந்து ரோஜா மாலை ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு விஷயம் மெதுவாக உறைத்தது. உறைத்ததும் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு முதலில் வருவது பேச்சு இல்லை. தொண்டையை நீளமாகச் செருமினேன். கொஞ்சம் நிறுத்தினேன். டொக் டொக்.

மூன்று பேரும் ஒரு படி பின்னால் போனார்கள். வைத்தியநாதன் என் கையை விட்டுவிட்டார். பிந்து கர்ச்சீப்பை எடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"சார், இவர்தான்" என்றாள். "அங்கிளேதான் சார் இது." சொல்லிவிட்டு, அங்கேயே வாசல்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். எனக்காக என் பெண்கூட அப்படி அழுததில்லை.

சத்தம் கேட்டுக் கல்பகம் முகத்தில் தண்ணீர் சொட்ட ஓடி வந்தாள். அவள் வகிட்டில் குங்குமத்தைப் பார்த்ததும் தேவராஜ் பையைச் சடாரென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார். ஆனால் அந்த அளவு மாலையை மறைக்கும் முதுகு யாருக்கும் கிடையாது. விஷயம் அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும், "அதை முதல்ல வெளியில கொண்டு வைங்கோ" என்று அலறினாள்.

"ரிட்டர்ன் நக்கோ, வேணாம்னுடுவான் மேடம் பூக்கடைக்காரன்" என்று முனகிக்கொண்டே தேவராஜ் அதைக் கொண்டுபோய் ஸ்கூட்டரில் மாட்டிவிட்டு வந்தார்.

உள்ளே உட்கார்ந்து ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் குடித்த பிறகு வைத்தியநாதன் விளக்கினார். வெள்ளிக்கிழமை ராத்திரியே மூன்று பேரும் கேட்டுவிட்டார்களாம். இருமல் இல்லை. குக்கர் இல்லை. பேப்பர் படபடப்பு இல்லை. கல்பகத்தின் குரல் அழுத குரல். 'இனிமே அது கேக்காது, பழகிக்கணும்' என்று வேறு சொல்கிறாள். "நான் மூணு தடவை திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். வேற முடிவுக்கே வர முடியலை" என்றார் விஞ்ஞானி. "இன்னிக்குக் காலம்பர நீங்களும் வரலை. உறுதியாயிடுத்து. இதெல்லாம் போன்ல கேக்கற விஷயமா? அதான் நேர்லயே வந்தோம்."

"அப்போ கேக்கறேளா நீங்கள்ளாம்?" என்றாள் கல்பகம். அவளுக்கு நான் செத்துப்போனதெல்லாம் இரண்டாம் பட்சம்.

"கேக்காம?" என்றார் தேவராஜ். எழுந்து போய்ச் சமையலறைக் கதவை ஆட்டினார். அது கிறீச்சென்றது. "ஹவ், ஆமா. இதான் அந்தக் கதவு." பிந்து அடுப்படியை எட்டிப் பார்த்து, "ரெண்டாவது விசில் மட்டும் திணறித் திணறி வருமே, அந்தக் குக்கர் இதுதானா ஆன்ட்டி?" என்றாள். குளித்துவிட்டு வரும்போது நான் ராகம் இழுக்கிறேனே, அது கல்யாணியா மோகனமா என்று வைத்தியநாதனுக்கும் அவர் சம்சாரத்துக்கும் தகராறாம். என்னைக் கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன். என் வீட்டில் இதுவரை கால் வைக்காத மூன்று பேர் என் வீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு சுற்றி வருகிறார்கள். எனக்கு உடம்பு கூசியது. கல்பகத்துக்கோ முகமெல்லாம் பல்.

இருந்தாலும் அவள் விடவில்லை. "அப்படிக் கேட்டிருந்தா, வத்தக்குழம்புல புளியை விட்டுட்டேனே, ஏன் ஒருத்தரும் சொல்லலை?"

தேவராஜ் மோர் டம்ளருக்குள் பார்த்தார். "நான் செஞ்சேன் மேடம் அதை. நீங்க சொன்ன மாதிரியே. புளி இல்லாம. நானும் என் மிஸஸ் சாந்தாவும் சாப்பிட்டோம்."

"சாப்பிட்டேளா?"

"உங்க ஊர்ல அப்படித்தான் போலன்னு நெனச்சோம். அன்னிக்குக் குறை சொல்ற முறையும் என்னுது இல்லை. நல்லா இல்லைன்னா உங்க மனசு கஷ்டப்படுமேன்னு விட்டுட்டேன். சாந்தா மட்டும், பாவம் இந்தம்மா வீட்டுக்காரர், அதான் இருமறாருன்னா."

கல்பகம் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பிறகு மறுபடி சிரித்தாள். புளியில்லாத வத்தக்குழம்பை ஒருவர் அவள் சொன்னாள் என்பதற்காகச் செய்து, வாயில் வைத்து, விழுங்கியும் இருக்கிறார். எத்தனை ஆயிரம் பேர் இறக்கினால் இதற்கு ஈடாகும்?

பிந்து மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். "தப்பு என்மேலதான் ஆன்ட்டி" என்றாள். "ஏதாவது ஒரு குறை சொல்லியே ஆகணும்னு ரூல். அந்த வாரம் உங்க எபிசோட்ல எனக்கு ஒண்ணுமே கிடைக்கல. அதான் இருமலைச் சொல்லிட்டேன். எனக்கு நிஜமா அது பிடிக்கும். ஹாஸ்டல்ல படுத்துட்டு உங்களைப் போட்டுக் கேப்பேன். பின்னாடி குக்கர் அடிக்கும், அங்கிள் இருமுவாரு. எங்க வீட்டு ஹால்ல படுத்திருக்கற மாதிரி இருக்கும். இந்த வாரம் கேக்கறப்போ வீடே இல்லாத மாதிரி ஆயிடுச்சு."

என் இருமலை வியாதி என்று சொன்னவர்கள் உண்டு, தொந்தரவு என்று சொன்னவர்கள் உண்டு. ஒரு பெண் அதைக் கேட்டுத் தூங்குகிறாள் என்று எனக்கு இத்தனை வயதுக்கு யாரும் சொன்னதில்லை. இருமல் வந்தது. அந்த நேரம் பார்த்து இருமக் கூடாதென்று அடக்கிக்கொண்டேன்.

துக்கம் கேட்கப் போன வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவதுதான் முறை. அவர்கள் மூன்று பேரும் வாசலில் வரிசையாக நின்று, "போயிட்டு வரோம் சார்" என்று தெருவுக்கே கேட்கும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். கல்பகம் தலையணை உறையிலிருந்து மைக்கை வெளியே எடுத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மெத்தை, ரஜாய் எல்லாம் சுவரிலிருந்து இறங்கிவிட்டன. அவள் பழையபடி ஹாலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். விசிறியைப் பழையபடி நிறுத்தினாள். "நீங்க பாட்டுக்கு இருங்கோ. எப்பவும் போல இருமுங்கோ" என்று உத்தரவு.

இருமச் சொன்னால் இருமல் வருமா? பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் வணக்கம் சொன்னாள். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்த கதையைச் சொன்னாள். குக்கர் தன் வேலையைச் சரியாகச் செய்தது, இரண்டாவது விசிலில் திணறியது. கதவு கிறீச்சிட்டது. என் தொண்டை மட்டும் புதுத் தண்ணீர்க்குழாய் மாதிரி இருந்தது. செருமிப் பார்த்தேன், காற்றுதான் வந்தது. கல்பகம் பேசிக்கொண்டே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். ஹாஸ்டலில் ஒரு பெண் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு காத்திருப்பாள் என்று நினைக்க நினைக்க எனக்கு வியர்த்துக் கொட்டியது.

பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து போய் விசிறியைப் போட்டேன். மெத்தைகளை இறக்கியதில் கிளம்பி இறக்கைமேல் படிந்திருந்த பஞ்சுத் தூசியெல்லாம் ஒரு சுற்றில் என் தலைமேல் இறங்கியது. நீளமாகச் செருமி, நிறுத்தி, டொக் டொக். கல்பகம் மைக்குப் பக்கம் திரும்பிக்கொண்டு கதையைத் தொடர்ந்தாள். விசிறியை நிறுத்தச் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் குறை சொல்லும் முறை தேவராஜுக்கு. இருமல் கொஞ்சம் லேட்டாக வந்தது என்றாராம்.